இரண்டு மாத வெயிலும் பத்து மாத மழையும்: பினாங்குத் தோட்டத்துக்கு மண்ணின் பூச்செடிகள்

தைப்பூச ரதம் புறப்படும் நாட்களில் பினாங்கில் வெயில் எப்படிக் காயும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் புல் பழுத்துவிடும், சட்டியில் இருக்கும் செம்பருத்தி மத்தியானத்துக்குள் தலையைத் தொங்கப்போட்டுவிடும். "தண்ணீர் அதிகம் கேட்காத பூச்செடி ஏதாவது இருக்கிறதா?" என்ற கேள்வியும் அப்போதுதான் எழும். பதில் உடனே கிடைக்கும். ஒருவர் "கள்ளி வை, அடினியம் வை, பாலைவனச் செடிக்குத் தண்ணீரே வேண்டாம்" என்பார். இன்னொருவர் "உள்ளூர்ச் செடி வை, நட்டுவிட்டால் போதும், தானாகப் பிழைத்துக்கொள்ளும்" என்பார்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். பாதி உண்மையை நம்பி நட்ட செடிகள் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருக்கின்றன. 'வறட்சி தாங்கும் செடி' என்றால் உண்மையில் என்ன, 'மண்ணின் செடி' என்றால் எந்த மண்ணின் செடி என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், நர்சரியில் நிற்கும்போது யாரையும் கேட்காமல் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

## நம்முடைய வறட்சி எந்த வகை?

முதலில் மழைக் கணக்கு. பினாங்குத் தீவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் ஏறக்குறைய 1,400. ஆகவே இது மழை குறைந்த ஊர் இல்லை. ஆனால் அந்த மழை எல்லா மாதங்களிலும் ஒரே மாதிரி வருவதில்லை. அக்டோபரில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாதத்துக்கு 100கூடத் தேறாது. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திரெங்கானு பக்கமே மழையை இறக்கிவிடுகிறது. தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி மேற்குக் கரைக்கு வரும்போது அதில் ஈரம் குறைந்துபோகிறது.

அதே வாரங்களில் நல்ல வெயில் நாளொன்றில் மண்ணும் செடியும் சேர்ந்து நான்கைந்து மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக விட்டுவிடும். மாதத்துக்கு 120 முதல் 150. மழையாக வருவது 100க்குக் கீழே, ஆவியாகப் போவது 120க்கு மேலே. இந்த இடைவெளிதான் நம்முடைய வறட்சி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி இந்தப் பக்கம் மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் (1997-98, 2015-16, 2023-24 போல) அது இன்னும் நீளும்.

இப்போது பாலைவனக் கள்ளியை நினைத்துப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே கள்ளியைத் தரையில் நட்டிருந்தால் செப்டம்பர், அக்டோபர் மழையில் மண் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும். வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அடினியத்துக்கும் அதே கதிதான். சட்டியில், கல்லும் மணலும் கலந்த மண்ணில், கூரைக்குக் கீழே வைத்தால் அழகாக இருக்கும். தரையில் வைத்தால் அடித்தண்டு கொழகொழத்துப் போகும்.

சுருக்கமாக, இங்கே நமக்குத் தேவை பாலைவனச் செடி அல்ல. இரண்டு மாதத் தாகத்தையும் மற்ற மாதங்களின் கனமழையையும் ஒரே இடத்தில் நின்று தாங்கும் செடி. உலகில் அப்படிப்பட்ட செடிகள் அதிகம் வளர்வது இதே மாதிரி மழைக்கணக்கு உள்ள இடங்களில்தான். 'மண்ணின் செடி' என்ற யோசனைக்கு அடிப்படையே இதுதான்.

## செடி எப்படித் தாகம் தாங்குகிறது?

2024 ஜனவரியில் பினாங்கில் சில நாட்களுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களை எல்லா வீடுகளும் ஒரே மாதிரி சமாளிக்கவில்லை. சில வீடுகளில் பெரிய தொட்டிகளில் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்கள். சில வீடுகளில் குழாயைச் சிக்கனமாகத் திறந்தார்கள், துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டார்கள். பழைய கம்பத்து வீடுகள் சிலவற்றில் கிணறு இருந்தது, அவர்களுக்குக் கவலையே இல்லை. சேமிப்பது, செலவைக் குறைப்பது, ஆழத்திலிருந்து எடுப்பது. செடிகளும் இந்த மூன்று வழிகளில் ஒன்றையோ இரண்டையோதான் பிடித்துக்கொள்கின்றன.

இனிச் செடிக்குள் போவோம். ஒவ்வோர் இலையின் தோலிலும், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவற்றுக்கு இலைத்துளைகள் என்று பெயர். செடி தன் உணவைச் செய்யக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். இப்படி இலை வழியாகத் தண்ணீர் வெளியேறுவதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இந்த வழியாகவே காற்றில் போய்விடுகிறது. செடியின் உடம்பில் தங்குவது மிகக் கொஞ்சம்.

தாகம் தாங்கும் செடிகளின் உத்திகள் எல்லாம் இந்த ஓர் இடத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. கடற்கரைச் செடிகளின் இலையைத் தடவிப் பார்த்தால் மெழுகு பூசிய வழவழப்பு தெரியும். அந்தப் பூச்சு இலைத்தோல் வழியாக ஈரம் கசியாமல் தடுக்கிறது. சில இலைகளின் அடியில் சாம்பல் நிறத்தில் மென்மையான ரோமம் இருக்கும். அது இலைத்துளைகளுக்கு மேல் ஈரக்காற்றின் ஒரு மெல்லிய அடுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, வறண்ட காற்று நேராக மோதாமல் பார்த்துக்கொள்கிறது. கள்ளியும் பல ஆர்க்கிட் செடிகளும் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பகலில் இலைத்துளைகளை மூடிவிட்டு, குளிர்ந்த இரவில் மட்டும் திறக்கின்றன. ஆழமாக வேர் விடும் புதர்களோ, மேல்மண் காய்ந்த பிறகும் கீழே மிச்சமிருக்கும் ஈரத்தைத் தேடி எடுத்துக்கொள்கின்றன.

இந்த மூன்று வழிகளில் பினாங்குத் தோட்டத்துக்கு மிகவும் நம்பகமானது மூன்றாவதுதான் என்பது என் கருத்து. உடம்பில் தண்ணீர் சேமிக்கும் சதைப்பற்றுள்ள செடி நம் மழைக்காலத்தில் அழுகும் அபாயம் எப்போதும் உண்டு. ஆழமான வேருக்கு அந்த அபாயம் குறைவு.

சுருக்கமாக, 'வறட்சி தாங்கும்' என்பது நர்சரிக்காரர் ஒட்டும் சீட்டு அல்ல. இலையும் வேரும் மண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. வேர் இறங்க முடியாத இடத்தில் வைத்தால் எந்தச் செடியும் வறட்சி தாங்காது.

## மண்ணின் செடி என்றால் எந்த மண்?

ஓர் இடத்தில் மனிதர் கொண்டுவராமல் தானாகவே தோன்றி, அங்குள்ள மழை, மண், பூச்சி, பறவை எல்லாவற்றோடும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் செடியை இயல்தாவரம் என்பார்கள். மண்ணின் செடி என்று நாம் சொல்வதும் அதைத்தான். இதில் குழப்பம் நிறைய இருக்கிறது. பழகிய செடியெல்லாம் மண்ணின் செடி என்று நினைத்துவிடுகிறோம்.

காகிதப்பூவின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. கோயில் வாசலில் நிற்கும் பெருங்கள்ளி என்கிற பிளமேரியா மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. தொட்டாற்சிணுங்கியும் உன்னிச்செடியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். உன்னிச்செடி இன்று பல நாடுகளில் காட்டை மூடிப் படரும் தொல்லையாகவே ஆகிவிட்டது. மலேசியாவின் தேசிய மலரான செம்பருத்திகூட இந்த நாட்டுக் காடுகளில் தானாக முளைத்த செடி இல்லை. இவற்றைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பதில்லை. காகிதப்பூ வெயில் காலத்தில் வேலியில் குலுங்குவதைப் பார்த்து மகிழாதவர் யார்? உன்னியைத் தவிர மற்றவை இருக்கட்டும். ஆனால் அவற்றை மண்ணின் செடி என்று எண்ணி, அந்த எதிர்பார்ப்போடு வைக்கக் கூடாது.

தமிழர் வீடுகளில் இன்னொரு வகை உண்டு. மல்லிகை, துளசி, வேம்பு என்று நம் முன்னோர் கப்பலில் வரும்போது மனதிலும் மூட்டையிலும் கொண்டுவந்த செடிகள். அவை தமிழ்நாட்டு வாழ்க்கையின் செடிகள். வேம்பு பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கம் நன்றாகவே வளர்கிறது, காரணம் இதே வறண்ட மாதங்கள்தான்.

ஆனால் மகிழ்ச்சியான ஒரு விஷயம், இரண்டு மண்ணுக்கும் பொதுவான செடிகளும் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மரமாக வரும் புன்னை, இந்தத் தீவின் கடற்கரையிலும் மனிதர் நடாமலே வளர்ந்த மரம். மலாயில் பெனாகா லாவுட் என்பார்கள். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய முனைக்குத் தஞ்சோங் பெனாகா என்ற பெயர் இந்த மரத்தால் வந்ததுதான். மணலில் படரும் அடும்புக்கொடியும் அப்படியே. அதன் பிளவுபட்ட இலையைப் பத்து பிரிங்கி மணலில் பார்க்கலாம். தாழையும் பூவரசும் இரண்டு கரைகளிலும் உண்டு. இவற்றின் காயும் விதையும் கடல்நீரில் மிதந்து கரை சேர்பவை என்பதால், வங்காள விரிகுடாவின் இரு பக்கமும் இவற்றுக்குச் சொந்த ஊர்.

ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 'மலேசியச் செடி' என்று தெரிந்தால் மட்டும் போதாது. பினாங்குக் கொடிமலையின் நிழலில், எப்போதும் ஈரமான இலைச்சருகுக்கு நடுவே வளரும் செடியும் மலேசியச் செடிதான். அதை ஜெலுத்தோங்கில் ஒரு தெரெஸ் வீட்டின் மேற்குப் பார்த்த வாசலில் வைத்தால் ஒரு பிப்ரவரியைத் தாண்டாது. நாடு பார்க்காதீர்கள், இடம் பாருங்கள். திறந்த வெயில், காற்று, சத்தில்லாத மண் என்று நம் வாசல் இருந்தால், அதே மாதிரி திறந்த வெயிலில், காற்றில், சத்தில்லாத மண்ணில் தானாக வளரும் செடியைத்தான் தேட வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு: கடற்கரை மணலும், சாலைக்காக வெட்டிய மலைச்சரிவும்.

## கையில் எடுத்துப் பார்க்கச் சில செடிகள்

செண்டுடுக். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அறிமுகமே. இதன் பழத்தைத் தின்று நாக்கு ஊதாவாகிப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் களை என்று வெட்டி எறிந்த இந்தச் செடி, உண்மையில் தோட்டத்துக்கு அருமையான புதர். மெலஸ்டோமா மலபாத்ரிக்கம் என்பது அறிவியல் பெயர். வெட்டிய செம்மண் சரிவில், வேறெதுவும் முளைக்காத புளிப்பு (அமில) மண்ணில் இது வளரும். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் வேர்களைக் கெடுக்கும். செண்டுடுக் அதை இலையில் வாங்கி வைத்துக்கொண்டு பாதிப்பில்லாமல் வாழ்கிறது.

பூவைக் கிட்டே வைத்துப் பாருங்கள். ஐந்து ஊதா இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தண்டுகள் இரண்டு வகையாக இருக்கும். ஒரு வகை மஞ்சள், கண்ணைக் கவரும்படி நடுவில். இன்னொரு வகை நீளமாக வளைந்து, இதழ் நிறத்திலேயே மறைந்திருக்கும். மகரந்தம் தூளாக வெளியே கிடக்காது, நுனியிலுள்ள சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும். கருப்பு நிறத் தச்சுத் தேனீ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், 'ர்ர்ர்' என்ற ஓசை நமக்கே கேட்கும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் பீய்ச்சி வெளியே வரும். ஒரு பூ ஒரு நாள்தான், ஆனால் மறுநாள் காலை வேறு பூக்கள் திறந்திருக்கும். பழத்துக்குப் பறவைகள் வரும். வீட்டைச் சுற்றிச் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த கட்டட இடிபாட்டு மண் இருந்தால் மட்டும் இது சுணங்கும், அந்த இடத்தை இதற்குக் கொடுக்காதீர்கள்.

அம்புங்-அம்புங். ஸ்கேவோலா தக்காடா. கடற்கரையில் முதல் வரிசையில் நின்று உப்புக்காற்றை வாங்கும் புதர். தடித்த, பளபளக்கும் பச்சை இலை. பூ வெள்ளை, பாதியைக் கிழித்து எடுத்துவிட்டது போல ஒரு பக்கம் மட்டும் விசிறியாக விரிந்திருக்கும். கடலோரத்தில் மணலையும் மண்ணையும் கொட்டி நிரப்பிய நிலத்தில் வீடு உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலிச்செடி எனக்குத் தெரியாது. நன்றாகக் கிளை விடும், வெட்டினால் தாங்கும்.

லெமுனி. பினாங்கிலும் கெடாவிலும் இந்த இலை சேர்த்த சோறான நாசி லெமுனி சாப்பிட்டவர்களுக்கு இலையின் பெயர் தெரியும், செடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். வைட்டெக்ஸ் டிரைஃபோலியா, நம் ஊர் நொச்சிக்கு நெருங்கிய உறவு. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையாக ரோமம் படர்ந்திருக்கும். மேலே சொன்ன ஈரக்காற்று அடுக்கின் வேலையை இந்த இலையில் நேரடியாகப் பார்க்கலாம். கசக்கினால் நொச்சியின் மணம். சின்னச் சின்ன ஊதாப் பூக்கள் கொத்தாக வரும். வேலிக்கும் ஆகும், சமையலுக்கும் ஆகும்.

கெமுனிங், கெமுந்திங். பெயர் ஒன்றுபோல ஒலிக்கும், வாங்கும்போது மாறிவிடக் கூடாது. கெமுனிங் கறிவேப்பிலைக் குடும்பம், வெள்ளைப் பூ, மாலையில் தெருமுனை வரை மணக்கும். கிரிஸ் கத்தியின் பிடி செய்ய இந்த மரத்தைத்தான் விரும்பினார்கள். ஆனால் எலுமிச்சை இனச் செடிகளுக்குப் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கெமுனிங்கிலும் தங்கும். வீட்டில் லீமாவ் கஸ்தூரியோ எலுமிச்சையோ வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. கெமுந்திங் கொய்யா, நாவல் குடும்பம், ரோஜா நிறப் பூ, கருஊதாப் பழம், மணற்பாங்கான புளிப்பு மண். மெதுவாகத்தான் வளரும்.

தரையை மூட அடும்பு போதும், ஆனால் மணலும் முழு வெயிலும் வேண்டும். புன்னை பெரிய மரம். சொந்தத் துண்டு நிலமோ, கோயில், பள்ளி வளாகமோ இருப்பவர்கள் மட்டும் நினைக்கலாம்.

## வறட்சி பூவையும் கொண்டுவரும்

தண்ணீர் குறைந்தால் செடிக்குத் துன்பம் என்று மட்டுமே நினைக்கிறோம். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்துச் செடிகளில் பலவற்றுக்கு வறட்சி ஒரு சமிக்ஞை. பாலேக் பூலாவ் டுரியான் தோட்டக்காரர்கள் ஆண்டின் தொடக்கத்து வெயிலை எதிர்பார்ப்பது இதனால்தான். தொடர்ந்து சில வாரம் மழை இல்லாவிட்டால் மரம் பூவெடுக்கும். கெமுனிங் வெயிலில் காய்ந்து நின்று, முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒரே நாளில் மரம் முழுக்க வெள்ளையாகும். சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட் இன்னும் வியப்பு. கனமழை திடீரென்று காற்றைக் குளிர்விக்கும். அந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒன்பதாம் நாள், வட்டாரத்திலுள்ள எல்லாச் செடிகளும் ஒன்றாகப் பூக்கும்.

ஆகவே நன்கு வேரூன்றிய செடிக்குப் பிப்ரவரியில் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலை பச்சையாக இருக்கலாம், பூ குறையலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் பதற வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். மறுநாள் விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் செடி தண்ணீர் கேட்கிறது என்று பொருள்.

## முதல் ஆண்டு

"உள்ளூர்ச் செடி, தானாகப் பிழைக்கும்" என்பதில் தவறு இங்கேதான். நர்சரியில் வாங்கும்போது செடியின் வேர் முழுவதும் அந்தக் கருப்புப் பைக்குள் சுருண்டிருக்கிறது. ஆழமாக வேர் விடும் இனம்தான், ஆனால் இந்தச் செடி இன்னும் வேர் விடவில்லை. பைக்கு வெளியே உள்ள மண்ணுக்குள் வேர் இறங்கிப் பரவும் வரையுள்ள காலத்தை வேரூன்றும் காலம் என்று வைத்துக்கொள்வோம். புதருக்கு அது ஏறக்குறைய ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் மண்ணின் செடிக்கும் வெளிநாட்டுச் செடிக்கும் தாகம் ஒன்றுதான்.

எனவே நடும் மாதம் முக்கியம். ஆகஸ்டு கடைசியில் அல்லது செப்டம்பரில் நட்டால், மழைக்காலம் முழுவதும் வேர் இறங்க நேரம் கிடைக்கும். சீனப் புத்தாண்டுச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி ஜனவரியில் நட்டால், மிகக் கடுமையான மாதங்களில் கொண்டுபோய் விட்டதாக ஆகும். நடுவதற்கு முன் ஓர் அடி ஆழம் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாளும் தேங்கி நின்றால், வீடு கட்டும்போது இயந்திரம் ஏறி இறுகிப்போன மண் என்று அர்த்தம். புதிய தாமான்களில் (குடியிருப்புகளில்) இது சாதாரணம். அங்கே குழியை ஆழப்படுத்திப் பயனில்லை, அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். மண்ணைப் பரவலாகக் கிளறி, ஒரு முழம் உயர்த்தி மேடாக்கி, மேட்டின் மேல் நட வேண்டும்.

தினமும் மேலாகத் தெளிப்பதை விட்டுவிட்டு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக, கீழே இறங்கும்படி ஊற்றுங்கள். தெளிக்கும் தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்தில் நிற்கும், வேரும் அங்கேயே தங்கிவிடும். காய்ந்த இலையையும் வெட்டிய புல்லையும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் மண் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். வறண்ட மாதங்களில் உரம் வேண்டாம். உரம் போட்டால் புதுத் தளிர் வரும், ஒவ்வொரு தளிரும் கூடுதல் இலைத்துளைகள்.

செடி வாங்கப் போகுமுன் ஒரு நாள் தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவின் கடற்கரைப் பாதையில் நடந்து வாருங்கள். எந்தச் செடி எந்த வெயிலில், எந்த மண்ணில் நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். தண்ணீர்மலையில் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவிலும் கண்ணுக்குப் பழக்கம் கிடைக்கும். பார்ப்பதோடு சரி, அங்கிருந்து செடியைப் பிடுங்கி வரக் கூடாது. தண்டை வெட்டி வளர்ப்பதானால் அக்கம்பக்கத்து வீட்டு லெமுனியைக் கேட்டு வாங்குங்கள், ஒரு சாண் குச்சியை ஈர மணலில் குத்தினால் வேர் பிடிக்கும்.

அடுக்குமாடி வீட்டில் பால்கனி மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு சொல். சட்டியில் எந்தச் செடிக்கும் ஆழமான வேர் கிடையாது. செண்டுடுக்கும் லெமுனியும் தரையில் எவ்வளவு தாகம் தாங்கினாலும் சட்டியில் அந்தத் திறன் வெளிப்படாது. வெயில் மாதங்களில் சட்டிக்குத் தண்ணீர் தவறாமல் ஊற்ற வேண்டும். பெரிய சட்டியாக எடுங்கள். வெளிர் நிறச் சட்டி, கருப்புச் சட்டியைவிடக் குறைவாகச் சூடாகும். எலுமிச்சைச் செடி பக்கத்தில் இல்லையென்றால், சட்டிக்குக் கெமுனிங்கைத்தான் நான் முதலில் சொல்வேன்.